மாயமும் துப்பும்

கொலை, மாயம், நகை ஆகிய மூன்றையும் ஒன்றாய்ப் பின்னிச் செல்லும் துப்பறியும் நாவல் மேனாட்டார் தந்த புதுமை என்றே நம்மிற் பலர் கருதுகின்றனர். தமிழ் மரபை ஊன்றி நோக்கின் அக்கருத்துப் பொருந்தாமை புலனாகும்.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நினைவிற் கொள்வோம். கோவலன் கள்வன் அல்லன் என்பதற்குக் கண்ணகி கொணர்ந்தது கண்ணீர் மட்டுமன்று, தடயமும் கூட. அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். உடைந்த சிலம்பினின்று தெறித்த பரலே வழக்கை முடித்தது. மதுரை எரியுண்ட அற்புதம் அதன் பின்னரே நிகழ்ந்தது. சான்றும் அற்புதமும் அங்கே ஒன்றையொன்று விலக்கவில்லை. நகைச்சுவையோடு உண்மை காணும் கலையையோ மரியாதை ராமன் கதைகளில் நம் பாட்டிமார் நமக்கு ஊட்டியுள்ளனர்.

அச்சு நூல்களின் காலத்திலும் இவ்வுறவு அறுபடவில்லை. பண்டித நடேச சாஸ்திரியார் நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தொகுத்தவர்; மாயங்கள் மலிந்த மதனகாமராஜன் கதையை 1886-இல் ஆங்கிலத்தில் தந்தவர். அவரே 1894-இல் தானவன் என்னும் போலீஸ் நிபுணனைப் படைத்தார். தமிழின் முதல் துப்பறியும் நூல் அதுவே என்பர். மாயக்கதை தொகுத்த கையே துப்பறியும் கதைக்கும் கால்கோள் இட்டது என்பது எண்ணி இன்புறத்தக்கது. பின்னர் 1908-இல் ஜே. ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' வழியே துப்பறியும் கோவிந்தன் புகழ்பெற்றான். வடுவூர் துரைசாமி ஐயங்காரோ திகம்பர சாமியார் எனத் துப்பறிவாளருக்குத் துறவியின் பெயரையே சூட்டினார். அக்கதை 1950-இல் திரைப்படமாகவும் வந்தது.

இவ்வரலாற்றில் நாம் வாழும் பெங்களூருக்கும் சிறப்பான இடம் உண்டு. 'சுஜாதா' என்னும் புனைபெயர் பூண்ட எஸ். ரங்கராஜன் இந்நகரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திற் பல்லாண்டு பணியாற்றியவர். மின்னணு வாக்குப் பொறியின் உருவாக்கத்திற் பங்குகொண்டவர். 1968-இல் 'நைலான் கயிறு' தொடரில் வழக்கறிஞர் கணேஷ் தோன்றினான். பின்னர் உதவியாளன் வசந்த் வந்து சேர்ந்தான். 1980-களின் தொடக்கத்தில் குமுதம் இதழில் வெளிவந்த 'கொலையுதிர் காலம்' இவ்விருவரையும் பேய் உலவுவதாய்ச் சொல்லப்படும் இடத்திற்கே அழைத்துச் சென்றது. அங்கே கொலைகள் விழுகின்றன. கணேஷ் அறிவியற் காரணம் தேடுகிறான். வசந்தோ பேயையும் எளிதில் விட்டுவிட மனமில்லாதவன். ஒளியால் முப்பரிமாண உருக்காட்டும் ஹாலோகிராம் என்னும் நுட்பத்தைத் தமிழ் வாசகர் பலர் முதன்முதல் அறிந்தது அத்தொடரின் வழியேதான். அச்சத்தின் நடுவே வசந்தின் குறும்பு நம்மைச் சிரிக்க வைக்கும். அவன் தொடங்கி என்றும் முடிக்காத மெக்சிகோ சலவைக்காரி நகைச்சுவையை அறியாத சுஜாதா வாசகர் அரியர்.

இத்தகைய நூல்களைப் 'பொழுதுபோக்கு' என ஒதுக்குதல் முறையா? எல்லாம் காப்பியம் ஆகிவிடா என்பது உண்மையே. எனினும் புலம்பெயர்ந்து வாழும் நம் இல்லங்களின் நிலை வேறு. நம் பிள்ளைகளுள் பலர் பள்ளியிற் கன்னடமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். தமிழ் எழுத்தை அவர்க்குக் கற்பிப்பது வீடே. கட்டாயத்தாற் கற்ற எழுத்து விரைவில் மறக்கும். 'கொன்றவன் யார்?' என்னும் ஆவலாற் கற்ற எழுத்து நிலைத்து நிற்கும். வாரந்தோறும் இதழுக்குக் காத்திருந்து, எழுத்துக் கூட்டி அடுத்த பக்கத்தைப் புரட்டிய தலைமுறை ஒன்று நம்மிடையே இன்றும் உண்டு. அவர்களே அதற்குச் சான்று.

2008-இல் சுஜாதா மறைந்தார். அவர் வாழ்ந்த இந்நகரிலிருந்து மாயமும் கொலையும் நகையும் கலந்த புதிய தமிழ்க் கதைகள் எழ வேண்டும். அல்சூர் ஏரிக்கரையும் சிவாஜிநகர்ச் சந்தும் அவற்றின் களம் ஆகலாம். அதுவரை, பெற்றோர் தம் பழைய தொடர்களை மூட்டை கட்டிவிடாது, பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் வைப்பாராக. பேய்க்கு அஞ்சியேனும் அவர்கள் தமிழை விடாது பற்றிக் கொள்ளட்டும்.