பணியிட வழிகாட்டல்

பணியிட வழிகாட்டல் என்பது, ஒரு நிறுவனத்தில் பட்டறிவு மிக்க ஒருவர் அங்கு பணிபுரியும் இன்னொருவரின் தொழில் வளர்ச்சிக்கும் ஆளுமை வளர்ச்சிக்கும் துணைநிற்கும் நீண்டகால உறவு ஆகும். துணைநிற்பவர் வழிகாட்டி எனவும், துணைபெறுபவர் வழிகாட்டப்படுபவர் எனவும் அழைக்கப்படுவர். இது பயிற்சியிலிருந்து வேறுபட்டது. பயிற்சி, தேவை என ஏற்கனவே அறியப்பட்ட ஒரு திறனை வளர்க்கிறது. வழிகாட்டலோ, பணியாளரிடம் இருந்தும் அவரோ நிறுவனமோ அறிந்திராத திறன்களை வெளிக்கொணரவும் உதவுகிறது.

பெயர்

ஆங்கிலத்தில் வழிகாட்டியைக் குறிக்கும் மென்ட்டர் என்னும் சொல், ஓமரின் ஒடிசி காப்பியத்தில் வரும் ஒரு பாத்திரத்தின் பெயராகும். ஒடிசியசு திராய் போருக்குச் சென்றபோது தன் இல்லத்தை நண்பர் மென்ட்டரின் பொறுப்பில் விட்டுச் சென்றான். பின்னர் அவனது மகன் தெலமாக்கசுக்கு, அத்தீனா என்னும் பெண் தெய்வம் மென்ட்டரின் உருவில் வந்து அறிவுரை கூறியதாகக் காப்பியம் சொல்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் பெனலோன் இக்கதையைத் தழுவி எழுதி 1699 இல் வெளியான புதினம், இப்பெயர் பொதுச்சொல்லாகப் பரவக் காரணமாயிற்று.

செயற்பாடுகள்

இத்துறையின் முன்னோடி ஆய்வாளர்களுள் ஒருவர் அமெரிக்காவைச் சேர்ந்த கேத்தி கிராம். இவர் 1985 இல் வெளியிட்ட நூலில் வழிகாட்டியின் செயற்பாடுகளை இரண்டாகப் பிரித்தார்.

தொழில்சார் செயற்பாடுகள்: மேலிடத்தில் பரிந்துரைத்தல், பிறர் பார்வைக்குக் கொண்டுவருதல், நுணுக்கங்களைக் கற்பித்தல், பாதுகாத்தல், அறைகூவலான பணிகளை ஒப்படைத்தல்.

உளம்சார் செயற்பாடுகள்: முன்மாதிரியாக விளங்குதல், ஏற்று ஊக்குவித்தல், அறிவுரை வழங்குதல், நட்புப் பாராட்டுதல்.

திறன்கள் வெளிப்படும் முறை

ஒருவரின் திறன் அறியப்படாமல் இருப்பதைச் சொகாரி சாளரம் என்னும் மாதிரியைக் கொண்டு விளக்கலாம். உளவியலாளர்கள் சோசப் லுப்ட், ஆரிங்டன் இங்காம் ஆகியோர் 1955 இல் உருவாக்கிய இம்மாதிரி, ஒருவரைப் பற்றிய செய்திகளை நான்கு பகுதிகளாகப் பகுக்கிறது. அவை தாமும் பிறரும் அறிந்தவை, பிறர் மட்டும் அறிந்தவை, தாம் மட்டும் அறிந்தவை, எவரும் அறியாதவை என்பன. பிறர் கண்டதை எடுத்துச் சொல்வதால் இரண்டாம் பகுதியும், நம்பிக்கையுடன் உரையாடுவதால் மூன்றாம் பகுதியும் சுருங்குகின்றன. நான்காம் பகுதி பேச்சினால் மட்டும் வெளிப்படுவதில்லை. புதிய பணி ஒன்றைச் செய்து பார்க்கும்போதே அது தெரியவருகிறது. ஆகவே வழக்கமான பணிக்கு அப்பாற்பட்ட ஒன்றை ஒப்படைப்பது வழிகாட்டியின் முக்கியக் கருவிகளுள் ஒன்று எனலாம்.

எடுத்துக்காட்டுகள்

வில்லியமினா பிளெமிங்: இசுக்கொட்லாந்தில் 1857 இல் பிறந்த இவர், அமெரிக்காவில் குடியேறிய பின்னர் கணவரால் கைவிடப்பட்டு, ஆர்வர்ட் வான்காணகத்தின் இயக்குனர் எட்வர்ட் பிக்கரிங்கின் வீட்டில் பணிப்பெண்ணாகச் சேர்ந்தார். பிக்கரிங் இவரை 1881 இல் வான்காணகப் பணிக்கு அமர்த்தி, ஒளிப்படத் தகடுகளில் பதிந்த விண்மீன் நிறமாலைகளை ஆராயக் கற்பித்தார். 1890 இல் வெளியான திரேப்பர் பட்டியலில் அடங்கிய 10,000 க்கும் மேற்பட்ட விண்மீன்களுள் பெரும்பாலானவற்றை வகைப்படுத்தியவர் இவரே. குதிரைத்தலை நெபுலாவையும் 1888 இல் இவரே கண்டறிந்தார்.

சீனிவாச இராமானுசன்: கல்லூரித் தேர்வில் தேறாத இராமானுசன், 1912 மார்ச்சு 1 அன்று சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கு தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர் கணிதம் கற்றவர். அவர் இராமானுசனுடன் அமர்ந்து கணக்குகளை ஆராய்ந்ததோடு, பிறருக்கும் விளங்கும் வகையில் இடைப்படிகளைச் சேர்த்து எழுதுமாறும் வற்புறுத்தினார். கழகத் தலைவர் பிரான்சிசு இசுப்பிரிங்கும் ஆதரவளித்தார். இராமானுசன் 1913 சனவரியில் கேம்பிரிட்சுக் கணிதவியலர் ஆர்டிக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் இவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது.

இவ்விரு நிகழ்வுகளும் ஒரே வகையின அல்ல. பிளெமிங்கின் திறன், பணி கிடைக்கும் வரை எவருக்கும் தெரியாதிருந்தது. இராமானுசனோ தம் ஆற்றலை அறிந்திருந்தார். அதைப் புரிந்துகொண்டு உரியவர்களிடம் கொண்டுசேர்ப்போரே அவருக்குத் தேவைப்பட்டனர்.

முறைசார் திட்டங்கள்

பல நிறுவனங்கள் வழிகாட்டியையும் பணியாளரையும் தாமே இணைத்துவைக்கும் திட்டங்களை நடத்துகின்றன. இவற்றில் நேரடி மேலாளரை வழிகாட்டியாக அமர்த்துவது பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. சம்பள உயர்வை முடிவு செய்பவரிடம் குறைகளையும் ஐயங்களையும் வெளிப்படையாகக் கூறப் பணியாளர் தயங்குவதே இதற்குக் காரணம். இளையோர் மூத்தோருக்கு வழிகாட்டும் மறுதலை முறையும் உண்டு. செனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் 1999 இல் இணையப் பயன்பாட்டை உயர் அலுவலர்களுக்குக் கற்பிக்க இம்முறை கையாளப்பட்டது.

குறைபாடுகள்

வழிகாட்டிகள் தம்மைப் போன்ற பின்னணி உடையவர்களையே விரும்பித் தேர்ந்தெடுக்கக்கூடும். அவ்வாறு நேரும்போது ஏனையோரின் திறன்கள் மறைந்தே இருந்துவிடுகின்றன. பணியாளர் வழிகாட்டியையே சார்ந்திருக்கும் நிலையும் உருவாகலாம்.

மேலும், திறன் கண்டறியப்படுவதும் அதற்குரிய மதிப்புக் கிடைப்பதும் ஒன்றல்ல. ஒளிப்படத் தகடுகளின் காப்பாளராக உயர்ந்த பின்னரும் பிளெமிங்கின் ஆண்டுச் சம்பளம் 1,500 டாலராகவே இருந்தது. ஆண் உதவியாளர் சிலர் 2,500 டாலர் பெற்றதைத் தம் 1900 ஆம் ஆண்டு நாட்குறிப்பில் அவர் மனக்குறையுடன் பதிவு செய்துள்ளார். அவரது திறனைக் கண்டறிந்த பிக்கரிங்கே அக்காலத்தில் வான்காணகத்தின் இயக்குனராகவும் இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.