இதழ்ப்பெயரும் நிலவுரிமையும்

பின்லாந்து உழவரும் காட்டுடைமையாளரும் பயிலும் செய்தித்தாள் 'மாசெவுதுன் துலெவைசூசு'. 'நாட்டுப்புறத்தின் எதிர்காலம்' என்பது அதன் பெயர்ப்பொருள். இதனை வேளாண் உற்பத்தியாளர் நடுவண் சங்கத்தின் குரல் என்று கூறி அமைதல் எளிது. இதழ் 1916இலும் சங்கம் 1917இலும் தோன்றினமையின் அக்கூற்று முழுதும் பொருந்தாது; குரலே முன் பிறந்தது என்க.

ஆயின், எவருடைய எதிர்காலம்? அந்நாள் பின்லாந்து உருசியப் பேரரசுள் அடங்கியிருந்தது. குத்தகைக் குடிகள் பலர் தம் உழைப்பையே குத்தகையாக அளித்துப் பிறர் நிலத்தில் வாழ்ந்தனர். உள்நாட்டுப் போர் நிகழ்ந்த 1918ஆம் ஆண்டிலேயே, அவர்தம் மனையையும் நிலத்தையும் விலைக்குக் கொள்ளும் உரிமையைச் சட்டம் நல்கிற்று. 1922இல் வந்த கல்லியோ சட்டம் நிலமிலார்க்கும் வழி திறந்தது. இப்புதிய சிற்றுழவர் தோன்றாதிருப்பின், இதழ்ப்பெயரில் உள்ள 'நாட்டுப்புறம்' பண்டே நிலமுடையாரை மட்டும் சுட்டி நின்றிருக்கும் என்று கருதுகின்றோம்.