நாழிகைவழி

இரண்டு ஊர்களுக்கு இடையிலான தூரத்தை மைலிலோ கிலோமீட்டரிலோ சொல்லும் வழக்கம் அநேகமாகப் போய்விட்டது. மும்பை இரண்டு மணி நேரம், டில்லி மூன்று மணி நேரம் என்கிறோம். இது புது வழக்கம் அல்ல. தமிழில் நாழிகைவழி என்றே ஓர் அளவு இருந்தது. ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிஷத்தில், ஒருவன் நடந்து கடக்கும் தூரம். அந்த அளவுக்குள் நடப்பவன் இருந்தான். விமான நேரத்துக்குள் இருப்பது யார் என்பதுதான் என் கேள்வி.

நடப்பவனைத் தூரத்திலிருந்து அப்புறப்படுத்தும் காரியம் இங்கே 1802 ஏப்ரலில் தொடங்கியது. வில்லியம் லாம்டன் பரங்கிமலையருகிலிருந்து பெரும்பாக்கம் பக்கம் வரை ஒரு நேர்கோட்டை அளந்தார். அதற்குப் பயன்பட்டது 100 அடி எஃகுச் சங்கிலி. மெக்கார்ட்னி தூதுக்குழு 1793இல் சீனச் சக்கரவர்த்திக்கென்று கொண்டுபோய், அங்கே ஏற்கப்படாமல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த சங்கிலி அது. ஏழரை மைலை அளக்க 57 நாள் ஆயிற்று. வெயிலில் எஃகு எவ்வளவு நீளும் என்றுகூடக் கணக்கிட்டார்கள். அந்தக் கோட்டின் மேல் எழுந்த முக்கோணங்கள் பின்னால் இமயம் வரை போயின. இது பெரிய விஞ்ஞான சாதனை. மைசூர் யுத்தம் முடிந்து மூன்று வருஷத்தில், கம்பெனி தன் கைக்கு வந்த நிலத்தைத் தெரிந்துகொள்ள விரும்பியதும் உண்மை.

அடுத்தது 1932. அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகத் தபாலோடு பம்பாய் வந்தார். அங்கிருந்து நெவில் வின்ஸென்ட் அதை ஏற்றிக்கொண்டு பெல்லாரி வழியாக மறுநாள் சென்னையில் இறங்கினார். இந்திய விமானப் போக்குவரத்தின் ஆரம்பம் என்று இதைக் கொண்டாடுகிறோம். ஆனால் கராச்சியில் காத்திருந்தது லண்டன் தபால். சுருங்கிய தூரம் லண்டனுக்கும் சென்னைக்கும் நடுவே இருந்தது. பம்பாயும் பெல்லாரியும் வழியில் இறங்கி ஏறும் இடங்கள்.

1949 ஜனவரியில் கோடு திசை மாறியது. பம்பாய், கல்கத்தா, டில்லி, சென்னை நான்கிலிருந்தும் இரவில் கிளம்பிய தபால் விமானங்கள் நாகபுரியில் சந்தித்து, பைகளை மாற்றிக்கொண்டு விடியுமுன் ஊர் திரும்பின. லண்டனைத் தொடாமலே நம் ஊர்கள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்தன. ஒரு தபால் தலை ஒட்டத் தெரிந்த எவனுக்கும் அந்தப் பக்கம் கிடைத்தது.

இன்று சென்னைக்கும் மும்பைக்கும் ஆகாயத்தில் சுமார் 1,030 கிலோமீட்டர்; ரயிலில் சுமார் 1,280. அட்டவணை சொல்லும் இரண்டு மணி நேரம் இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே உள்ளது. மயிலாப்பூரிலிருந்து மீனம்பாக்கம் போய்ச் சோதனை வரிசையில் நிற்பது அதில் சேராது. அதைவிட முக்கியம், தியாகராய நகரின் ஒரே தெருவில் ஒருவருக்கு மும்பை இரண்டு மணி நேரம், அவர் துணி வாங்கும் கடையில் நிற்கும் பையனுக்கு ஏறக்குறைய ஒரு நாள். விடுப்புப் பயணச் சலுகைக்காக வங்கியில் நான் நிரப்பும் படிவம் கிலோமீட்டரைத்தான் கேட்கிறது. குமாஸ்தாவின் நேரத்துக்கு அதில் கட்டம் இல்லை.

மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் லாம்டன் 57 நாள் அளந்ததற்குச் சமமான தூரத்தைச் சில நிமிஷங்களில் கடக்கிறது. இந்த லாபத்தை மறுக்க நான் யார்? மும்பை பக்கத்தில்தான் இருக்கிறது என்று யாராவது சொன்னால், யாருக்கு என்று கேட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான்.