ஓசூர் ரயில் நிலையச் சுற்றுப்புறம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடமேற்கு மூலையில், கர்நாடக எல்லையை ஒட்டியுள்ள ஓசூர் நகரின் ரயில் நிலையமும் அதைச் சூழ்ந்த குடியிருப்புகளும். தென்பெண்ணையில் கட்டப்பட்ட கெலவரப்பள்ளி அணையை அடுத்த ஊர்க்காரர்களும் ரயிலேற இங்குதான் வரவேண்டும். ஊரின் பழம்பெயர் செவிடபாடி. இன்றைய பெயர் 'புதிய ஊர்' எனப் பொருள்படும் கன்னடச் சொல்.

ஓசூருக்கு முதலில் ரயில் வந்தது தெற்கிலிருந்து, பெங்களூரிலிருந்து அன்று. ஜோலார்பேட்டை–சேலம் தடத்திலுள்ள மொரப்பூரிலிருந்து 1906இல் தருமபுரிக்குப் போடப்பட்ட குறுகிய பாதை, 1913இல் ஓசூர்வரை நீண்டது. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடி, அதாவது 762 மி.மீ.தான், வளர்ந்த ஆள் ஓரெட்டில் தாண்டிவிடலாம். பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுசேர்க்கவென்று போட்ட பாதை இது. வேகம் யாருக்கும் கவலையாக இருந்திருக்காது. ஓசூரே கடைசி நிலையம். அப்பால் மைசூர் சமஸ்தானம். பெங்களூர் சுமார் 40 கி.மீ. தொலைவில் இருந்தும் தண்டவாளம் எல்லையைத் தாண்டவில்லை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941இல் பாதை மூடப்பட்டது. 1905இல் போட்ட திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி பாதைக்கும் அதே ஆண்டில் அதே கதி. மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு அதன்பின் ரயிலே இல்லை. ஓசூருக்குக் கொடுத்துவைத்திருந்தது: 1960களின் இறுதியில் சேலம்–பெங்களூர் மீட்டர் கேஜ் பாதை இவ்வழியே வந்தது. 1990களில் அது அகலப் பாதையாயிற்று. ஒரே ஊர், மூன்று அளவுத் தண்டவாளம்.

இப்பகுதியை வளர்த்தது ரயில் அன்று, சிப்காட் தொழிற்பேட்டையே. 1980களில் அசோக் லேலண்டு, டிவிஎஸ், டைட்டன் ஆலைகள் இயங்கத் தொடங்கியதும் சுற்றியிருந்த ராகி வயல்கள் மனைகளாயின. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்களை நம்பி வாடகை அறைகளும் மெஸ்களும் வந்தன. அவர்களையும் ஆலைக்கு ஏற்றிச்சென்றது கம்பெனி பஸ்தான். ரயிலின் தேவை பிறகே கூடியது, அதுவும் எதிர்த்திசையில்: காலையில் சீசன் டிக்கெட்டும் சாப்பாட்டுப் பையுமாக நடைமேடையில் நிற்பவர்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே பேச்சில் கலந்து வரும்.

ஓசூர் 2019இல் மாநகராட்சியானது. நிலையம் தமிழ்நாட்டில் இருந்தாலும் நிர்வாகம் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்திடம். பாதை மின்மயமாகிவிட்டது. பெங்களூரு புறநகர் ரயில் திட்டத்தின் தடம் ஹீலலிகேயோடு நிற்கிறது. ஓசூர்வரை நீட்டக் கோரிக்கை உள்ளது.