குற்றமாக இருந்த கையேடு

கனடாவின் 1892ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டம், கருத்தடைப் பொருள்களை விற்பதையும் விளம்பரம் செய்வதையும், ஆபாச நூல் விற்பனையோடு ஒரே வரிசையில் வைத்துத் தண்டனைக்குரியதாக்கியது. பொதுநன்மைக்காகச் செய்ததென மெய்ப்பித்தால் தப்பலாம் என்ற விலக்கு இருந்தமையால், ஒட்டாவாவை அடுத்த ஈஸ்ட்வியூவில் ஏழைத் தாய்மாருக்குக் கருத்தடை முறைகளை எடுத்துச் சொல்லி 1936இல் கைதான டோரதியா பால்மர் மறு ஆண்டு விடுதலை பெற்றார். சட்டம் மட்டும் அசையவில்லை.

1968 ஜூலையில் போப்பாண்டவர் ஆறாம் பவுல் செயற்கைக் கருத்தடையை விலக்கிச் சுற்றுமடல் வெளியிட்டார். அதே ஆண்டில், கத்தோலிக்கப் பற்று மிகுந்த கியூபெக் மாநிலத்தின் மாண்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழக மாணவர் சங்கம் கருத்தடைக் கையேடு ஒன்றை மலிவான தாளில் அச்சிட்டது. டோனா செர்னியாக், ஆலன் ஃபைன்கோல்ட் ஆகிய மாணவர்களின் உழைப்பில் வளர்ந்த அந்நூல், பெண்ணுறுப்புகளின் அமைப்பையும் மாதவிடாய்ச் சுழற்சியையும் விளக்கியதோடு, மாத்திரை, கருப்பைக்குள் பொருத்தும் வளையம், ஆணுறை முதலியவை எவ்வாறு செயற்படுகின்றன, எங்கே தவறுகின்றன என்பதையும் மறைக்காமல் கூறியது. அக்காலத்து மாத்திரைகளில் ஹார்மோன் அளவு இன்றையதைவிடப் பன்மடங்கு மிகுதி. அவற்றால் இரத்தம் உறைந்து குழாய்களை அடைக்கும் அபாயம் இருந்தும், அதைப் பயனாளிக்குத் தெரிவிக்கும் அச்சுத்தாளை மாத்திரையோடு வைக்க வேண்டுமென அண்டை நாடான அமெரிக்காவே 1970இல்தான் ஆணையிட்டது. மருத்துவரின் மேசையில் தங்கிவிட்ட செய்தி மாணவியின் கைக்கு வந்ததே இக்கையேட்டின் பெருமை எனலாம்.

1969இல் சட்டம் திருத்தப்பட்டுக் கருத்தடை குற்றமல்ல என்றாயிற்று. கருக்கலைப்புக்கோ மருத்துவமனைக் குழுவின் ஒப்புதல் தேவைப்பட்டது; ஆகவே வழி கேட்டு வந்த பெண்களுக்கு மாணவர்களே உதவ நேர்ந்தது. அடுத்த ஆண்டு கையேட்டின் பிரெஞ்சுப் பதிப்பு வந்தது. பிற கல்லூரிகளும் கட்டுக்கட்டாக வரவழைக்க, படிகள் இலட்சக்கணக்கில் பரவின.

பால்வினை நோய்களுக்கெனத் தனிக் கையேடு 1972இல்தான் வெளிவந்தது. வெட்டை நோய் பெண்களிடம் பெரும்பாலும் அறிகுறியின்றியே தங்கிக் கருக்குழாய்களைச் சிதைத்து மலடாக்கக் கூடியது என்பதை நினைத்தால், அந்த நான்காண்டுத் தாமதம் சிறிதன்று.