கூப்பிட ஒரு பெயர்: புழல் ஏரியிலிருந்து வங்கக்கடலின் அடிவரை

1/ சென்னையிலிருந்து ஜி.என்.டி. ரோட்டில் கும்மிடிப்பூண்டி பக்கம் வேலைக்குப் போகிறவங்க தினமும் புழல் ஏரியைத் தாண்டித்தான் போறோம். அந்த ஏரியில் ஒரு காலத்தில் ராணுவ விமானங்கள் இறங்கின என்று சொன்னா நம்புவீங்களா? விமானங்கள், அவற்றைக் கூப்பிடும் பெயர்கள், கூப்பிட்டும் பதில் வராத நாட்கள் பற்றி ஒரு நீண்ட இழை. கடைசியில் உங்ககிட்ட ஒரு வேண்டுகோளும் இருக்கு.

2/ இரண்டாம் உலகப்போர் காலம். பர்மாவும் அந்தமானும் ஜப்பான் கையில். பிரிட்டிஷ் விமானப்படை நம்ம செங்குன்றம் ஏரியை, தண்ணீரில் இறங்கும் 'கேட்டலினா' விமானங்களின் தளமாக்கியது. 240-ஆம் ஸ்குவாட்ரன் இங்கிருந்துதான் வங்கக்கடல் மேல் பறந்தது. பக்கத்துச் சோழவரத்திலும் ஒரு ஓடுபாதை போட்டாங்க. போர் முடிந்து பல வருஷம் கார், பைக் ரேஸ் நடந்ததே, அந்தச் சோழவரம் டிராக் இதுதான்.

3/ அந்தக் காலத்தில் ஒரு ஸ்குவாட்ரனில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் எழுத்து. வானொலியில் எழுத்து தெளிவாகக் கேட்காது. 'பி'யா, 'டி'யா, குழப்பம் வரும். அதனால் எழுத்தோடு ஒரு சொல்லையும் சேர்த்தாங்க: 'எஃப் ஃபார் ஃபிரெட்டி'. நாளடைவில் விமானமே ஃபிரெட்டி ஆகிவிடும். "ஃபிரெட்டி திரும்பி வந்துட்டானா?" என்று தரையில் இருக்கிறவன் கேட்டால், உள்ளே இருக்கும் அத்தனை பேரையும் சேர்த்துக் கேட்கிறான் என்று அர்த்தம்.

4/ அதே ரக விமானங்கள் அதே காலத்தில் இலங்கையின் கொக்கல ஏரிக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் இடையே தபாலையும் ஓரிரு பயணிகளையும் சுமந்து பறந்தன. சுமார் 5,600 கி.மீ.; 27 முதல் 33 மணி நேரம் ஆகும். எதிரி ஒட்டுக்கேட்பான் என்பதால் வானொலியில் வாயே திறக்கக்கூடாது. நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிப்பாங்க. அதனால் விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்: ஆல்டேர், வேகா, ரைஜெல், அன்டாரெஸ், ஸ்பைகா.

5/ ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயம் பார்த்தவர்களுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தாங்க: 'இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்கம்' உறுப்பினர்! கேட்க விளையாட்டா இருக்கும். ஆனா 30 மணி நேரம் யாரிடமும் பேசாமல் எதிரியின் கடல் மேல் பறந்து வந்தவங்களுக்கு, "நீயும் நம்ம ஆளு" என்று ஒரு காகிதம் சொல்வது சின்ன விஷயமில்லை.

6/ சரி, 'கால் சைன்' என்றால் என்ன? விமானத்தின் வாலில் எழுதிய எண் அதோடு நிரந்தரமாக இருக்கும். கால் சைன் என்பது இன்றைய பயணத்தில் அதைக் கூப்பிடும் பெயர். எங்க வார்டு கணக்கில் சொன்னா, கேஸ் ஷீட்டில் இருக்கும் ஐ.பி. நம்பர் வேறு, "பெட் 14-ஐப் பாருங்க" என்பது வேறு. முதலாவது ஆவணத்துக்கு, இரண்டாவது அவசரத்துக்கு.

7/ அமெரிக்க ராணுவத்தின் போக்குவரத்து விமானங்கள் 'ரீச்' என்ற பெயரில் பறக்கும். பிரிட்டன் விமானப்படையில் 'ஆஸ்காட்'. விமானங்களைக் காட்டும் செல்போன் ஆப்பில் 'ஐ.எஃப்.சி' என்று தொடங்கும் ஒன்று தெரிந்தால், அது நம்ம இந்திய விமானப்படை. இன்று உலகமெங்கும் புழங்கும் 'ஆல்ஃபா, பிராவோ, சார்லி' எழுத்து முறை 1956-இல் நடைமுறைக்கு வந்தது.

8/ இதில் ஒரு ஒழுக்கம் இருக்கு. தரையிலிருந்து உத்தரவு வந்தால், விமானி அதைத் திருப்பிச் சொல்லி, தன் கால் சைனையும் சொல்லணும். "யார் கேட்டது, என்ன கேட்டது" இரண்டும் உறுதியாகும். எங்க எமர்ஜென்சியிலும் இதையேதான் செய்றோம். "அட்ரினலின் 1 மி.கி." என்றால் சிஸ்டர் அதையே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் போடுவாங்க. விமானிகளிடமிருந்து மருத்துவம் கற்ற பாடங்களில் இதுவும் ஒன்று.

9/ போர் விமானிக்கு சினிமா உண்டு. போக்குவரத்து விமானக் குழுவுக்கு அது கிடையாது. அரிசி, மருந்து, உதிரிபாகம், லீவு முடிந்து திரும்பும் ஜவான், இதுதான் சுமை. நம்ம விமானப்படையில் 1984 முதல் இந்த வேலையைச் செய்வது ஏ.என்.-32. விமானப்படை அதற்கு வைத்த பெயர் 'சட்லெஜ்'. ஒரு நதியின் பெயர்.

10/ 2016 ஜூலை 22, வெள்ளிக்கிழமை. கே-2743 என்ற ஏ.என்.-32 காலை எட்டரை மணிவாக்கில் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பியது. மொத்தம் 29 பேர். அதில் விமானக் குழு 6 பேர். மற்றவர்களில் முப்படையினரும், கடலோரக் காவல்படையைச் சேர்ந்தவரும், விசாகப்பட்டினம் கடற்படை ஆயுதக் கிடங்கின் சிவிலியன் ஊழியர்கள் 8 பேரும் இருந்தாங்க. காலை 9:12. ரேடாரில் காணோம். கூப்பிட்டால் பதில் இல்லை.

11/ கப்பல்கள், விமானங்கள், ஒரு நீர்மூழ்கி என்று வாரக்கணக்கில் தேடினாங்க. நம்ம நாடு கடலில் நடத்திய மிகப்பெரிய விமானத் தேடல்களில் அது ஒன்று. தேடியவர்களில் பலர் அதே விமானப்படை, அதே கடற்படை. தன் கூட்டாளியைத் தானே தேடுவது எப்படிப்பட்ட வேலை என்று நினைச்சுப் பாருங்க. செப்டம்பர் மாதத்தில் 29 பேரும் இறந்ததாகக் கருதப்படுவதாகக் குடும்பங்களுக்குச் சொன்னாங்க. கையில் கொடுக்க எதுவுமே இல்லை.

12/ ஏழரை வருஷம் ஓடிப்போச்சு. 2024 ஜனவரி. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லாத் தானியங்கிக் கலம், சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் உடைந்த பாகங்களைப் படமெடுத்தது. அவை ஏ.என்.-32-உடன் ஒத்துப்போயின. அந்தப் பகுதியில் வேறெந்த விமானமும் காணாமல் போனதாகப் பதிவு இல்லை. பதில் வராத அழைப்புக்கு, கடைசியில் ஓர் இடமாவது கிடைத்தது.

13/ இதைவிட நீண்ட காத்திருப்பும் உண்டு. 1968 பிப்ரவரி 7, சண்டிகரிலிருந்து லே நோக்கிப் போன ஏ.என்.-12, எண் பி.எல்.-534. அதில் 102 பேர். இமாச்சலப் பனிமலையில் மறைந்தது. 2003-இல் மலையேறப் போனவர்கள் கண்ணில் பட்டது. 2024 செப்டம்பர் கடைசியில்கூட ராணுவம் மேலே போய் நான்கு உடல்களைக் கொண்டுவந்தது. 56 வருஷம் கழித்து! உடலோடு இருந்த ஆவணங்களைப் பார்த்துப் பெயர் கண்டுபிடித்து, ஊருக்கு அனுப்பி, மரியாதையோடு இறுதிச் சடங்கு செய்தாங்க.

14/ "இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு?" என்று கேட்கலாம். நான் பார்த்த ஒரு ராத்திரிதான் என் பதில். ஹைவேயில் அடிபட்ட இளைஞர் ஒருவரை 108-இல் கொண்டுவந்தாங்க. போன் இல்லை, அட்டை இல்லை. 'பெயர் தெரியாதவர், ஆண், வயது சுமார் 25' என்று எழுதினோம். அழைத்துப் பார்த்தேன். தமிழ், அரைகுறை இந்தி, எதற்கும் அசைவில்லை. வலி கொடுத்தால்தான் கண் திறந்தார்.

15/ நினைவிழந்தவர்களை அளக்க எங்களிடம் ஓர் அளவுகோல் உண்டு. 1974-இல் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் உருவாக்கியது. வலிக்குக் கண் திறந்தால் 2 மதிப்பெண், குரலுக்குத் திறந்தால் 3. விடியற்காலை இரண்டு மணிக்கு நாலு பசங்க ஓடி வந்தாங்க. அதே ஷெட்டில் வேலை, ஒரே அறையில் வாசம். மூணு ஆஸ்பத்திரி தேடிட்டு வந்திருக்காங்க. முழுப் பெயர் அவங்களுக்கும் தெரியாது. அறையில் கூப்பிடும் பெயர் மட்டும்தான் தெரியும்.

16/ ஒருத்தன் காதருகே குனிந்து அந்தப் பெயரைச் சொன்னான். கண் திறந்தது. 2 என்று எழுதியதை அடித்துவிட்டு 3 என்று எழுதினேன். மேல் சிகிச்சைக்குச் சென்னை அனுப்பினபோது நாலு பேரும் கூடவே போனாங்க. அடுத்த நாள் சம்பளம் போகும் என்று தெரிந்தும்தான் போனாங்க. கால் சைன் என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் முழுசாகப் புரிந்தது.

17/ வேண்டுகோள் இதுதான். நீங்க சிப்காட்டில் வேலை செய்றீங்களா, ஆள் வைத்திருக்கீங்களா, அறை வாடகைக்கு விட்டிருக்கீங்களா? உங்க பக்கத்துப் படுக்கைக்காரரின் முழுப் பெயர், ஊர், வீட்டு நம்பர் இன்றைக்கே கேட்டு வச்சுக்குங்க. போன் பூட்டியிருந்தாலும் தெரியும்படி அவசர நம்பரைப் பதிவு செய்யுங்க. 5 நிமிஷ வேலை.

18/ அடுத்த முறை புழல் ஏரியைத் தாண்டும்போது தண்ணீரைக் கொஞ்சம் பாருங்க. ஒரு காலத்தில் அந்தக் கரையில் நின்று, போன விமானம் திரும்பிவிட்டதா என்று பார்த்துக்கொண்டு சிலர் காத்திருந்தாங்க. நம்மையும் யாராவது பெயர் சொல்லித் தேடணும். நாமும் யாரையாவது தேடிப் போகணும்.

இழை முடிந்தது.