வாசிப்போரும் உதவியாளரும்

கட்புலன் இழந்த மாணவனுக்கு நூலை வாசித்துக் காட்டுதல் நெடுங்காலமாக நட்பின்பாற்பட்ட செயலாகவே கருதப்பட்டு வந்தது. உடன் கற்போன் ஓய்வுள்ளபோது வாசிப்பான். ஓய்வில்லாதபோது கேட்போன் காத்திருப்பான். சோதனை நெருங்குங்காலத்து வாசிப்போனுக்கும் தன் பாடம் உண்டன்றோ? இவ்விடர்ப்பாட்டை நன்குணர்ந்தவர் நியூவெல் பெரி. பார்வையற்றவரான இவர் 1896 இற் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்திற் பட்டம் பெற்று, பின்னர் ஜேர்மனியிற் கணிதத்திற் கலாநிதியுமானார். பார்வையற்ற மாணவர் வாசிப்பாளரை வேதனத்திற்கு அமர்த்திக்கொள்ள அரசு பணம் உதவவேண்டுமென அவர் வாதாடினார். அதற்கான சட்டத்தை 1907 இல் நியூயோர்க் மாநிலமும் 1913 இற் கலிபோர்ணியாவும் இயற்றின. தோழமையாற் செய்யப்பட்ட பணி இவ்வாறு ஊதியமுள்ள தொழிலாயிற்று. தொழிலானமையால் அதன் அன்பு குன்றிற்று எனச் சிலர் எண்ணலாம். ஆயின் வேதனம் பெறுவோன் குறித்த நேரத்துக்கு வருவான். வாராவிடின் வேறொருவனை அமர்த்தலாம். பிறர் ஓய்வை எதிர்பார்த்துக் கற்கும் நிலை அம்மாணவனுக்கு நீங்கியது.

இரண்டாம் உலகப் போரின் பின்னர், உடல் ஊனமுற்ற போர்வீரர் பலர் கல்வியை நாடினர். 1948 இல் இலினோய்ப் பல்கலைக்கழகத்தின் கேல்ஸ்பேர்க் வளாகத்தில் திமோதி நியூஜென்ற் தொடங்கிய திட்டம் இவர்களுக்குப் பெருந்துணையாயிற்று. சாய்தளங்களும் தக்க பேருந்துகளும் அமைத்து, சக்கரநாற்காலியில் இயங்குவோர் பிறர் துணையின்றித் தாமே வாழப் பயிற்றுவது அவர் கொள்கை. சிறந்த கொள்கையே, ஆயினும் தானே எழுந்து உடுத்த இயலாதவனுக்கு அங்கே இடமில்லை.

அத்தகையோருள் ஒருவர் எட் றொபேட்ஸ். 1953 இல், பதினான்காம் வயதில், இளம்பிள்ளை வாதத்தால் கழுத்தின் கீழ் ஏறக்குறைய முழுவதும் செயலிழந்த இவர், இரவில் இரும்பு நுரையீரல் என்னும் இயந்திரத்தினுள்ளே துயில்வார். மாநிலத்தின் புனருத்தாரணத் திணைக்களம் இவர் எத்தொழிலுக்கும் தகுதியற்றவர் எனக் கூறிப் பணம் மறுத்தது. செய்தித் தாள்கள் அதனை வெளியிட்டபின் இணங்கிற்று. 1962 இற் பேர்க்லி இவரை ஏற்றது. இயந்திரத்தின் பாரத்தைத் தாங்கும் விடுதி கிடையாமையால், மாணவர் வைத்தியசாலையாகிய கவலில் ஓர் அறை ஒதுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜோன் ஹெஸ்லர் வந்து சேர்ந்தார். பின்னர் வேறு சிலரும் வந்தனர்.

அவர்களுக்குப் பணிபுரிந்த உதவியாளரிற் பலர் மாணாக்கரே. காலையில் எழுப்புதல், நீராட்டுதல், உடுத்துதல், உணவூட்டுதல், வகுப்புக்கு நாற்காலியைத் தள்ளிச் செல்லுதல், இரவில் மீண்டும் கிடத்துதல் என அவர் வேலை நாள் முழுவதும் பரந்திருந்தது. வேதனமோ சொற்பம். ஆயினும் இவ்வேற்பாட்டின் புதுமை வேறோரிடத்தில் இருந்தது. வைத்தியசாலையில் தாதியின் கட்டளைப்படி நோயாளி நடத்தல் வழக்கம். இங்கே படுத்திருப்பவனே தன் உதவியாளனைத் தெரிந்து, பயிற்றி, வேண்டாதபோது விலக்கவும் உரிமை பெற்றான். பாடத்தில் முதலாண்டு மாணவனாயினும் தன் அறையில் அவன் எசமான்.

இவ்வுரிமை உணர்ச்சி விரைவிலே சோதனைக்குள்ளாயிற்று. 1969 இல் திணைக்கள ஆலோசகர் ஒருவர், கல்வியிற் பின்தங்கினர் என்று கூறி, அங்கிருந்தோருள் இருவரை வெளியேற்ற முனைந்தார். ஏனையோர் ஒன்றுதிரண்டு எதிர்க்கவே, இருவரும் நிலைத்தனர். ஆலோசகரே இடமாற்றம் பெற்றார். 'உருளும் நாற்கரத்தினர்' என்ற பொருள்படும் வேடிக்கைப் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்ட அம்மாணவர், வைத்தியசாலைக்கு வெளியே வாழும் வழியைத் தாமே ஆராயத் தொடங்கினர். அதன் பயனாக 1970 இல், நடுவணரசின் நிதியுதவியோடு, உடல் ஊனமுற்ற மாணவர் திட்டம் உருவாயிற்று. ஹெஸ்லர் அதன் பணிப்பாளரானார்.

அவ்வலுவலகத்தின் உயிர்நாடி ஓர் எளிய பெயர்ப்பட்டியல். உதவியாளராக விரும்புவோர் தம் பெயரைப் பதிவர். வேண்டுவோர் அழைத்துப் பேசித் தெரிந்துகொள்வர். பார்வையற்றோருக்கு வாசிப்பாளரும் அவ்வாறே கிடைத்தனர். நாற்காலி பழுதுபார்க்கும் பட்டறையும் அருகே எழுந்தது. நடுவழியில் நாற்காலி நின்றுவிடின் அன்றைய வகுப்பே தவறிவிடுமாதலின், இப்பட்டறையின் பயன் சிறிதன்று.

செய்தி பரவியதும், மாணாக்கரல்லாத நகரவாசிகளும் உதவி கேட்டு வந்தனர். பல்கலைக்கழகப் பணத்தை அவர்களுக்குச் செலவிடுதல் எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடையாக 1972 இற் சுதந்திர வாழ்வு நிலையம் தனி நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது. மூன்றாண்டின் பின், 1975 இல், எட் றொபேட்ஸ் புனருத்தாரணத் திணைக்களத்தின் பணிப்பாளராக நியமிக்கப்பட்டார். முன்பு இவர் தொழிலுக்குத் தகார் என எழுதிய திணைக்களம் அதுவே. அப்பதவியிலும் காலையில் அவரை எழுப்பி உடுத்தியவர் உதவியாளரே.